உசனாரின் பெருவிரல்

முப்பது வருசமாக உப்பளத்தில் உப்பு வாரிய உசனாருக்கு மூன்று மாதமாகக் கைகள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சோற்றைக்கூட மனைவி கமீலாதான் ஊட்டிவிடுகிறாள். "நரம்பு செத்திருந்தா மருந்தில்ல. மெதுவா ஓடுதெண்டா சுகமாக்கலாம். கரண்ட் வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பயந்த மனிதர் சும்மா இருப்பாரா? எத்தாளை ஊர்ப் பள்ளி லெப்பையிடம் எண்ணெய் ஓதி வாங்கி, கமீலாவைக் கொண்டு தினமும் முழங்கைவரை பூசினார். தொழுகைக்கு ஒளுச் செய்யும் தண்ணீர் படலாம். நாற்பது நாளைக்குச் சோப்பும் துணியும் படக்கூடாது. பரிசோதனை வந்ததோ முப்பத்தோராம் நாள். கைகள் இரண்டும் பொரித்த றோல்ஸ் போல மினுங்கின.

ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கும் றோசமேரி மிஸ் கையில் ஒட்டிய கம்பி வில்லைகள் வழுக்கி விழுந்தன. திரையில் நேர்கோடு.

"நரம்பு செத்துட்டா மிஸ்?" உசனார் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கரண்டே குடுக்கேல்ல உசனார் நானா. எண்ணெயத் துடைக்கோணும்."

"இன்னம் ஒம்பது நாள் ஈக்கிதே!"

"ஒங்களுக்குக் கை வேணுமா, எண்ணெய் வேணுமா?" என்று சீறினாள் கமீலா.

கடைசியில் லெப்பைக்கே போன் போட்டார்கள். அவர் நன்றாக யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "தொடைக்கலாம். ஆனா ஓதின எண்ணெய் குப்பைக்குப் போகப்படாது. பஞ்சோட எடுத்துட்டு வாங்க."

றோசமேரி துடைத்த பஞ்சையெல்லாம் பக்குவமாக நீட்ட, கமீலா பையில் வாங்கிக்கொண்டாள். பதினெட்டு வருச வேலையில் இப்படியொரு கூத்தை அந்த மிஸ் கண்டதில்லை.

பிறகு மணிக்கட்டில் கரண்ட் வைத்தாள். பெருவிரல் துள்ளியது.

"நான் ஆட்டல்ல மிஸ்!" என்று கத்தினார் உசனார், யாரோ களவுப் பழி சாட்டியதுபோல.

முழங்கையில் வைத்தாள். மறுபடியும் துள்ளியது.

"அல்லா அறிய நான் ஆட்டல்ல!"

"தெரியும் நானா. நரம்புதான் ஆட்டுது." றோசமேரி திரையைப் பார்த்தாள். "கரண்ட் பிந்தித்தான் வருது. ஆனா வருது. மிச்சத்த டொக்டர் சொல்லுவார்."

உசனார் விரலையே பார்த்திருந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை எழவில்லை; அவர் அதைப் பொருட்படுத்தவுமில்லை.

"இன்னொருக்கா கரண்ட் வைங்க மிஸ்."

"டெஸ்ட் முடிஞ்சுது நானா."

"டெஸ்டுக்கில்ல. கமீலா பயத்துல கண்ண மூடிட்டு நிண்டா. அவ பாக்கல்ல."