ஆளுக்கு ஒரு சாமான்

இந்த நாட்டில் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். குப்பை போட இரண்டடி வெளியே வைத்தால் போதும், பின்னால் 'கிளிக்' என்று ஒரு சத்தம். சொந்த வீடே உங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது. நோர்வேக்கு வந்த புதிதில் ஒரே மாதத்தில் மூன்று தரம் பனிக்குள் வீட்டுச் செருப்போடு நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் வேலைப் பட்டியலின் தலையில் என் கணவர் சிவப்புப் பேனாவால் 'திறப்பு' என்று எழுதினார், வெளியே போகும்போது சாவியை மறக்காமல் எடுக்கச் சொல்லி. பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் திறப்பு. வாரத்துக்கு ஒரு புதுத் தாள் வரும், முதல் வரி மட்டும் மாறாது.

மூன்று வாரமாகக் கடைசி வரியும் மாறவில்லை. 'தங்கச்சியின் கடதாசி.' இரண்டுக்கும் நடுவில் கார் டயர், வரிக் கந்தோர்க் கடிதத்துக்குப் பதில், மகளின் பல் டொக்டர், ஒழுகும் பைப், முற்றத்துப் பனி, இன்னும் என்னென்னவோ. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எட்டு மணி நேரம் பிறர் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அந்தத் தாளைப் பார்த்தால், ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிடுவேன். "உங்கை எல்லாம் மெசின்தானே செய்யுது, உங்களுக்கென்ன வேலை?" என்று ஊரில் கேட்கிறார்கள். கடிதத்துக்குப் பதில் எழுத மெசின் இல்லை, ஐயா. சோம்பல் என்றும் நினைக்காதீர்கள். சோம்பேறிக்குக் கொஞ்சம் சுகமாவது மிஞ்சும். எனக்கு மிஞ்சியது ஆத்திரம். அந்தத் தாளின் குரல்வளையை நெரிக்க வேண்டும் போலிருக்கும்.

கடதாசி விஷயம் இதுதான். காங்கேசன்துறைப் பக்கம் எங்கள் அம்மாவின் சீதனக் காணியை இத்தனை வருடத்துக்குப் பிறகு இராணுவம் விட்டிருக்கிறது. அதை மீட்க அம்மா இறந்ததற்குப் பதிவு வேண்டும், பதிவு இல்லை. நேரில் பார்த்தவர் நடந்ததைத் தன் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். அப்பாவும் போய்விட்டார். அன்று அங்கே இருந்தவர்களில் மிஞ்சியது நானும், அப்போது கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியும். அவள் இப்போது மானிப்பாயில் இருக்கிறாள்.

"அக்கா, மாத முடிவுக்கிடையிலை வரவேணும். நடந்ததை அப்பிடியே எழுதுங்கோ," என்றாள் போனில். "அம்மா எப்பிடிச் செத்தவா எண்டு எனக்கும் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை."

"எழுதுறன்," என்றேன். எப்படி எழுதுவது?

ஷெல்லடித்தால் பங்கர்க் குழிக்கு ஓடுவதற்கு எங்கள் வீட்டில் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு சாமான். அப்பாவுக்குக் காணி உறுதிப் பத்திரங்கள் இருந்த பெட்டி, அம்மாவுக்குத் தங்கச்சி, எனக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான். "ரெண்டாவது சாமானுக்கு ஒருத்தரும் திரும்பிப் போகப்படாது," என்பார். அன்று அவர் சந்தைக்குப் போயிருந்தார். எனக்குப் பதினைந்து வயது, பரீட்சை நெருங்கியிருந்தது. கானை விட்டுவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் குதித்தேன். புழுதியில் தங்கச்சி மூச்சுத் திணறி வீரிட்டாள். "பிள்ளை, தண்ணிக் கான் எங்கை?" என்றாள் அம்மா. நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். ஏசவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "இந்தா, வாறன்," என்று மேலே ஏறினாள்.

முதல் ஷெல் கிணற்றடியில். அடுத்தது குசினிக்கும் பங்கருக்கும் நடுவில். என் வாயெல்லாம் மண். ஏறிப் பார்த்தபோது அம்மாவின் வயிறு கிழிந்து திறந்து கிடந்தது; ஒரு கால் முருங்கையடியில் தனியாகக் கிடந்தது. கை மட்டும் கானை விடவில்லை. கானில் நாலைந்து ஓட்டை, ஒவ்வொன்றிலும் தண்ணீர் பீறிட்டு அவள் இரத்தத்தோடு ஓடியது. நான் அதில் உள்ளங்கையை ஏந்தித் தங்கச்சிக்குப் பருக்கினேன். அவள் குடித்துவிட்டு அழுகையை நிறுத்தினாள்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கணவர் பட்டியலில் 'பல்ப்' என்று இன்னொரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். கையிலிருந்த கோப்பையை அந்தத் தாளுக்கு எறிந்தேன். பிறகு அடுத்தது. பிறகு பீங்கான்கள். எல்லாம் நொறுங்கியது, தாள் அசையவில்லை. முஷ்டியால் குத்தினேன், குளிர்சாதனப் பெட்டியின் கதவு நெளிந்தது, விரல் கிழிந்தது.

"என்ன செய்யிறீர்?" என்றார் அவர்.

"வேலை செய்யிறன்," என்றேன்.

பக்கத்து வீட்டுக் கிழவி பெரித் கதவைத் தட்டினாள். என் கையில் இரத்தம். கூட்டுவதற்காக அவர் கையில் தும்புத்தடி. அவள் தடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடித்தாரா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். "இல்லை, நான்தான் அடித்தேன்," என்று பட்டியலைக் காட்டினேன். இன்னும் பயந்து அவரை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டி, "ஏன் திங் ஒம் காங்ஙென்," என்றாள். ஒரு நேரத்தில் ஒன்று. சின்னதிலிருந்து தொடங்கு என்றும் சொன்னாள். பல்பைச் சொல்கிறாள், பாவம். எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது.

கணவர் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனார். நான் உடைந்த பீங்கான்களுக்கு நடுவில் இருந்து எழுதினேன். 'என்னுடைய சாமானை நான் எடுக்கவில்லை. அதனால் அம்மா திரும்பிப் போனா.' பை, கான், ஓட்டை, தங்கச்சி குடித்த தண்ணீர், ஒன்றும் விடவில்லை. தங்கச்சி இதை வாசிப்பாள். வாசித்த பிறகு என்னை அக்கா என்று கூப்பிடுவாளோ தெரியாது. நாலு மணிக்குத் தபால் எடுப்பார்கள். கடித உறையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி, தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன்.

திரும்பி வந்தால் கதவு பூட்டிக் கிடந்தது. கண்ணாடி வழியாக உள்ளே தாள் தெரிந்தது. எழுத்தில் 'திறப்பு' மட்டும்தான் அங்கிருந்து வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிது. ஜாக்கெட் இல்லை, போன் இல்லை. பெரித் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து, உள்ளே வா, விறைத்துச் சாகப்போகிறாய் என்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். நான் அவளுக்குத் தமிழில், "இந்தா, வாறன்," என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றேன்.