பிரேக் அக்காவின் இடுப்பு மூட்டு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அவளை ‘பிரேக் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடிப்பது யாராக இருந்தாலும் வண்டியின் உயிர் அவள் வலது காலில்தான் இருந்தது. கற்றுக்கொடுக்க அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு.

அந்தக் காலின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. மாத்திரையை விழுங்கிக் காலம் தள்ளினாள். ஒருநாள் கற்றுக்கொள்ள வந்தவள் ஒருத்தி சைக்கிள்காரர் மேல் வண்டியைத் திருப்ப, பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அக்காவின் பேச்சைக் கேட்கவில்லை. அவர் எகிறிக் குதித்ததால் பிழைத்தார். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தாள்.

மூட்டை மாற்றினார்கள். “குனியக் கூடாது, தாழ்வா உக்காரக் கூடாது, கால் மேல கால் போடவே கூடாது,” என்று கறாராகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண்.

வீட்டுக்கு வண்டியை ஓட்டியவர் கணவர். அவருக்கும் அவள்தான் குரு. ஆனால் அவள் கூட இருக்கும்போது சாவி அவர் கைக்குப் போனதே இல்லை.

“லாரி வருது!”

“பாத்துட்டேன்.”

“பாத்தா காலை எடுங்க!”

“நீ கொஞ்சம் கண்ண மூடிக்கோயேன்.”

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அதைவிடக் கொடுமை குளியலறை. உள்ளாடையை அவர்தான் முழங்கால்வரை ஏற்றிவிட வேண்டும். அவள் சுவரைப் பார்த்துக்கொள்வாள். அவர் காரணமே இல்லாமல் இருமுவார்.

அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்த ஒரு காலை, நாற்காலியிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட அவளால் முடியவில்லை. ஒரு துண்டை எடுக்கக்கூட ஆள் வரணுமா? குனிந்தாள். உள்ளே ‘களுக்’ என்றது. கீழே கிடந்தவளின் பாதம் அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. கத்தினாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “தூக்கட்டுமா?”

“தொடாதீங்க! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!”

மயக்கம் கொடுத்து மூட்டைத் திரும்ப உட்காரவைத்தார் டாக்டர். “மறுபடி நழுவுனா திறந்துதான் பாக்கணும்மா,” என்றார்.

கால் தேறியது, தைரியம்தான் தேறவில்லை. கோலூன்றித் தெருமுனைவரை போய்வந்தாள். பள்ளிக்கும் ஒருநாள் போய் வண்டியில் ஏறினாள். கற்றுக்கொள்ள வந்தவள் முதல் திருப்பத்தை எடுத்ததுமே, “ஓரமா நிறுத்தும்மா,” என்று சொல்லி இறங்கியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போதெல்லாம் சாயங்கால நடைக்குக் கணவர்தான் ஷூ மாட்டிவிடுகிறார். மூச்சு வாங்கக் குனிந்து, நாடாவை அவர் பாணியில் இழுத்துக் கட்டுகிறார்.

“இறுக்கமா இருக்கா?”

இறுக்கமாகத்தான் இருந்தது.

“இல்ல, சரியா இருக்கு,” என்றாள்.