கம்பெனிப் போலீஸ்

எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்துக்கு வெளியே, கப்பல் சரக்கைக் கிடங்கில் வைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் போலீஸாக இருந்தேன். நிஜப் போலீஸ் அல்ல. கம்பெனியே தைத்துக்கொடுத்த காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு தடி, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு 'இன்ஸ்பெக்டர்' உண்டு. மெயின்லேண்டில் ஏதோ சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். தோளில் மூன்று நட்சத்திரங்களை அவரே கடையில் வாங்கிக் குத்திக்கொண்டார். காலையில் வரிசையாக நின்று அந்த நட்சத்திரங்களுக்கு நாங்கள் சல்யூட் அடிக்க வேண்டும். உடைந்த நாற்காலிகள் கிடந்த அறைக்கு அவர் வைத்த பெயர் லாக்கப்.

ஒரு நாள் அந்த அறைக்கு ஆள் கிடைத்தது. கிடங்கு பெருக்கும் அக்கா, கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய துவரம்பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டைத் தாண்டப் பார்த்தார். அவரும் என்னைப் போல புரோத்ராபூர்தான். ஒரே பஸ்ஸில்தான் வருவோம். இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிடிப்பதற்கு ஒரு திருடன் கிடைக்க மாட்டானா என்று மாதக்கணக்கில் ஏங்கியவர் அல்லவா!

"சோர் ஹை யே! உள்ள போடு," என்றார்.

"குப்பையோட போறதத்தானே தம்பி அள்ளுனேன். நீயாச்சும் சொல்லேன்," என்று அக்கா என்னைப் பார்த்தார்.

நான் அவரை அந்த அறைக்குள் விட்டேன். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன பிறவி நான்!

மதியத்துக்கு மேல் அக்காவின் கணவர் நிஜமான கான்ஸ்டபிள் ஒருவரை அழைத்து வந்தார். வயதானவர், தோளில் ஒரு நட்சத்திரமும் கிடையாது.

"எந்த கானூன்ல, எந்த சட்டத்துல பொம்பளைய பூட்டி வெச்சீங்க? போலோ!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஓடிப்போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"பைட்டியே சார். எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சாவி இவன்கிட்டதான் இருக்கு."

என்னிடம்தான் இருந்தது. திறந்தேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்த்துப் பருப்பை என் பூட்ஸ் மேலேயே கொட்டிவிட்டு வெளியே நடந்தார்.

கான்ஸ்டபிளும் பெரிய தர்மவான் இல்லை. கம்பெனி செலவில் சாய் குடித்தார், இரண்டு சமோசா தின்றார், ஒரு வரி எழுதாமல் கிளம்பிவிட்டார். மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எங்களுக்கு ஒழுக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

நான் அன்றே சட்டையைக் கழற்றி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. இன்னும் நான்கு மாதம் அங்கேயே சல்யூட் அடித்தேன். ஜங்லிகாட்டில் ஒரு கடையில் வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன்.

அக்காவும் இப்போது அந்தப் பக்கம்தான் எங்கோ வேலைக்குப் போகிறார். ஒரு நாள் கூட்டமான பஸ்ஸில் எழுந்து, "உக்காருங்கக்கா," என்றேன். அவர் என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தபடி புரோத்ராபூர் வரை நின்றுகொண்டே வந்தார். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டார்கள்.