கெசியாவின் தாம்பாளம்

"எடுத்தாச்சுங்களா?"

கண்களை இறுக மூடியபடி கேட்கிறார் கெசியா. எதிரே மேசைமேல் ஒரு தாம்பாளம். அதில் பாட்டுக் கேசட், கத்தரிக்கோல், டார்ச் விளக்கு, எலுமிச்சம்பழம், சட்டைப் பொத்தான், பித்தளைச் சொம்பு எனப் பலவும் பரப்பப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைக் கைப்பிடிக்குள் மறைத்து, கையை முதுகுப்புறம் கட்டிக்கொள்கிறார் கணவர் வின்ஸ்டன்.

"ஆச்சு அம்மணி. தொற."

கெசியா ஒருமுறைதான் பார்ப்பார். "பொத்தானுங்க." வின்ஸ்டன் பிடியை விரிப்பார்; பொத்தானேதான்.

சரவணம்பட்டியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் நாள்தோறும் நடக்கும் இப்பயிற்சிக்குக் காரணம் ஒரு குடை. ஞாயிறுதோறும் அதைக் கோயில் பெஞ்சிலேயே விட்டுவருவதால் சபையார் கெசியாவுக்குக் 'குடையக்கா' என்று பெயரிட்டுவிட்டனர். சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகையில், ஆயரின் மனைவியான ஆயரம்மா நடத்தும் நினைவாற்றல் போட்டியில் வென்று அப்பெயரைத் துடைத்தெறிவதே அவருடைய வைராக்கியம்.

"ஒருக்கா செயிச்சுப்போட்டா, அப்பறம் எவ என்னைய அப்பிடிக் கூப்படறான்னு பாக்கறனுங்க" என்று என்னிடம் சூளுரைத்தார். புறப்படுகையில் கைப்பையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றார்.

ஆயினும், வீட்டுப் பயிற்சியில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. ஊக்கோ, நூற்கண்டோ, எலுமிச்சம்பழமோ, வின்ஸ்டன் எதை மறைத்தாலும் நொடியில் சொல்லிவிடுவார்.

"இவளுக்குக் கேமராக் கண்ணுங்கம்மா" என்பார் வின்ஸ்டன்.

பண்டிகையன்று நானும் போயிருந்தேன். ஆயரம்மாவின் தட்டு கெசியாவின்முன் வந்தது. பார்த்தார், கண்களை மூடினார், திறந்தார். தட்டின் நடுவே நின்றிருந்த பெரிய சொம்பு மறைந்து, அவ்விடம் வெறுமையாகக் கிடந்தது. கெசியாவோ அங்கே நோக்கவேயில்லை. ஓரத்திலிருந்த சின்னஞ்சிறு பொருள்களையே கண்களால் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஊக்குங்க."

"ஊக்கு அங்கயேதான் கெடக்குதுங்க குடையக்கா" என்றார், பாடகர் குழுவைச் சேர்ந்த ஜெயக்கொடி. "சொம்பைத்தானுங்க காணோம்."

கூடியிருந்த அனைவரும் சிரித்தனர். ஆயரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும் வழியில் கெசியா கணவரிடம், "ஏனுங்க, வூட்டுல ஒரு நாளாச்சும் நீங்க சொம்பை எடுத்திருக்கறீங்களா?" என்று கேட்டார்.

"அதெப்பிடி அம்மணி கைக்குள்ள அடங்கும்?" என்றார் வின்ஸ்டன்.

மறுநாள், கோயிலில் அவர் விட்டுவந்திருந்த குடையைக் கொடுக்கச் சென்றேன். கெசியா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் வின்ஸ்டனின் சட்டை. அதன் பின்புறத்தில் தலையணை உறைத் துணியில் ஒரு பெரிய பை தைத்துக்கொண்டிருந்தார். சொம்பை அதனுள் இறக்கிப் பார்த்தார். கழுத்தளவே இறங்கியது. சொம்பை வெளியே எடுத்துவைத்துவிட்டு, பையை இன்னும் ஆழமாக்கப் போட்ட தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.