முகதாட்சண்யத்துக்கு ஒரு சீட்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு மே மாதம் என்பது வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுகிற மாதம். மற்ற மாதங்களிலும் கவலைப்படுவேன். ஆனால் அப்போது ஹேண்ட் பிரேக் போட்டோமா, கடைசிப் பிள்ளை இறங்கிவிட்டதா, பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று கவலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். மே மாதத்தில் அது அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ராஜபாளையம் முழுக்கச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும்.

அப்படி ஒரு மே மாதத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்காரர்கள் வேனை வாடகைக்குக் கேட்டார்கள். சுற்றுலாவுக்கு என்று நினைத்தேன். இல்லை, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் 'கெரியர் கைடன்ஸ்' கொடுக்க வேண்டுமாம். பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும், அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று உட்கார்ந்து பேசுவார்களாம். எந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினாலும் கடைசியில் அந்தப் பிள்ளைக்குப் பொருந்துவது இவர்களுடைய கல்லூரியாகத்தான் இருக்கும் என்பது முதல் நாள் மத்தியானத்துக்குள் எனக்கே விளங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும் ஒத்துவராமல் போய், நான் வெளியே வந்துவிட்டேன். அவர் ஓய்வு பெறும்வரை இருந்தார். அப்படிப்பட்ட நான் கல்வி ஆலோசனைக் குழுவில் சேர்ந்தது இப்படித்தான்.

என் வண்டிக்கு ஒதுக்கப்பட்டவர் ஓர் உதவிப் பேராசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கழுத்தில் டை. அந்த வெயிலில் அதைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டும். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். அதில் ஒரு பெண் பிள்ளை பச்சைப் புல்வெளியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும். சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அம்புட்டுப் புல் எங்கேயும் முளைத்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, இந்தப் பிள்ளைக எல்லாம் ஒங்க வண்டியில வந்ததுகதானே? வீட்டுக்குள்ள வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும்" என்றார்.

சொன்ன வார்த்தை பின்னால் தப்பாகிப் போனால் என்னைத்தானே தேடி வருவார்கள்? அதனால் வாசற்படியோடு நின்றுகொண்டு, யார் என்ன கேட்டாலும் "சாரைக் கேளுங்க" என்று மட்டும் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் வீடு சோழபுரத்தில். அந்த அம்மா பேண்டேஜ் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடிக்கிறவர். சாரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், இனிமேல் உலகமே அதில்தான் ஓடப் போகிறது என்று சார் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"தம்பி என்ன படிச்சிருக்கீக?"

"எம்.இ. மெக்கானிக்கல்மா."

"அப்ப இந்த நுண்ணறிவு நீங்க படிக்கலையா?"

"அது அப்ப கிடையாதும்மா."

"சரி. கவர்மெண்டு வேலைக்கு எழுதலாம்ல? எங்க மதினி மகன் குரூப் ஃபோர் எழுதி வி.ஏ.ஓ. ஆயிட்டான். இப்படி வெயில்லயா அலையுதான் அவன்? ஒங்களுக்கு வயசு இருக்கா?"

"இருக்கும்மா."

"பொறவென்ன? ராஜபாளையத்துல கோச்சிங் நடத்துதாங்க. போய்ச் சேருங்க. படிச்ச புள்ள வீணாப் போயிராதீக."

ஆலோசனை சொல்லப் போனவர் ஆலோசனை வாங்கிக்கொண்டு வந்தார். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, அந்தக் கோச்சிங் எந்தத் தெருவுல?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் இதேதான். தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில் "ரண்டி சார், ரண்டி" என்று உள்ளே அழைத்து, மாப்பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் காப்பி கொடுத்து, மலேசியாவில் மெக்கானிக்கல் ஆட்களுக்கு நல்ல கிராக்கி என்று சொல்லி அனுப்பினார்கள். சேத்தூரில் ஒரு பெரியவர் டிராக்டர் ஒர்க்‌ஷாப் போடச் சொன்னார், இடம்கூடக் காட்டினார். ஊரில் கெரியர் கைடன்ஸ் உண்மையாகவே நடந்தது. ஆனால் மொத்தமும் ஒரே ஆளுக்கு நடந்தது.

ஆனாலும் சீட் சேர்ந்தது. அதுதான் எங்கள் ஊர். செயற்கை நுண்ணறிவை நம்பி யாரும் பிள்ளையைச் சேர்க்கவில்லை. "சாரு இந்த வெயில்ல மூணாவது தடவையா வாராரு, எப்படி இல்லைன்னு சொல்லுதது?" என்று சேர்த்தார்கள். எதிரே இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல வாய் வராது. இதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். மொய் எழுதுவதும், வேண்டாத இன்சூரன்ஸ் எடுப்பதும், பிடிக்காத கல்யாணத்துக்குப் பந்தியில் உட்கார்வதும் இதனால்தான். பிள்ளையை இன்ஜினியர் ஆக்குவதும் இதில் சேர்த்தி என்பதை அந்த மே மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இருந்த கவலை வேறு. என் மகளும் அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்திருந்தாள்.

அவளுக்கு பி.எஸ்சி. புவியியல் படிக்க வேண்டும். நான் புரியாமல் பார்த்தபோது, "பூகோளம்ப்பா" என்றாள். மதுரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் இருக்கிறதாம். ஏன் என்று கேட்டதற்கு மேற்கே கையைக் காட்டினாள். "அந்தா மலை நிக்குதுல்ல. அதுக்கு அந்தப் பக்கம் ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது. இந்தப் பக்கம் நமக்குக் காத்து மட்டும் வருது. இத்தனை வருஷமா பாத்துக்கிட்டு இருக்கீங்களே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. காற்று வந்தால் மொட்டை மாடியில் காயும் துணி பறக்குமே என்று மட்டும் கவலைப்பட்டிருக்கிறேன்.

என் மனைவி கேட்டாள்: "அதுல என்ன வேலை கிடைக்கும்?"

"மேப்பு சம்பந்தமா நிறைய இருக்கும்மா."

"மேப்புதான் போன்லயே இருக்கே ஏட்டி. இன்னும் என்னத்தப் புதுசா வரையப் போற?"

இதற்கு முன்பே, பள்ளிக்கூடத்தில் ஒரு வழிகாட்டி வகுப்பு நடத்தியிருந்தார்கள். வேலையில் இருக்கிற யாரையாவது பார்த்து, ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டு வரச் சொன்னார்களாம். மகள் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"காலையில பயப்படுதேன், சாயங்காலமும் பயப்படுதேன். நடுவுல வண்டி ஓட்டுதேன்" என்றேன்.

"ஏன் இந்த வேலையத் தேர்ந்தெடுத்தீங்க?"

"தேர்ந்தெடுக்கவா? சாவி கொடுத்தாங்க, ஓட்டுனேன்."

அவள் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டாள்.

சார் என் மகளைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் என்னை வதைத்தது. கேட்டிருந்தால் பார்ப்போம் சார் என்று சொல்லியிருக்கலாம். அவரோ மத்தியானம் எங்கள் வீட்டில் இறங்கி மோர் குடித்தார். பிறகு எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார். ஒரு நாள் என் மனைவி குழம்பே வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் குழம்பைச் சாப்பிட்ட ஆளுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இல்லை என்ற சொல் இருக்க முடியாது.

மாதக் கடைசியில் ஒரு நாள் வண்டியில் அவராகவே சொன்னார். ஆளுக்கு ஐந்து சீட் கொண்டுவர வேண்டும். அவருக்கு நாலுதான் ஆகியிருக்கிறது. ஐந்து ஆகாதவர்கள் ஜூனில் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டார்கள். "ஞாயித்துக்கிழமை ஒங்க வீட்டுக்கு வாரேன்ணே. சும்மா பேசத்தான்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். "பாவம்ங்க. நம்ம வீட்ல கை நனைச்ச புள்ள" என்றாள் மனைவி.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் எனக்கே சாதகமாக இருந்தது. அந்தக் கல்லூரியின் பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். ஹாஸ்டல் கிடையாது, ரயில் கிடையாது, அவள் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். இத்தனை வசதியைப் பயந்தாங்கொள்ளி ஒருவனுக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மகளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப பரிதாபத்துக்காக நான் நாலு வருஷம் படிக்கணுமா?" என்றாள்.

"பரிதாபம் இல்ல ஏட்டி. மொகத்துக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்லுதது?"

"நீங்க சொல்ல வேண்டாம். வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். டை கட்டவில்லை. கையில் பால்கோவா டப்பா. இதற்கும் சேர்த்தல்லவா இப்போது தலையாட்ட வேண்டும்! அவர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனாவையும் வைத்தார். நான் பேனாவைப் பார்த்தேன். மனைவி மோர் கொண்டுவந்தாள்.

மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். "சார், ரெண்டே கேள்வி. எங்க ஸ்கூல்ல கேக்கச் சொல்லிக் கொடுத்தது."

"கேளும்மா." அவருக்குச் சந்தோஷம். ஒரு மாதமாக ஒரு பிள்ளைகூட அவரிடம் கேள்வி கேட்டதில்லை. எல்லாவற்றையும் அம்மாமார்களே கேட்டுவிட்டார்கள்.

"ஒங்க வேலையில என்னென்ன செய்வீங்க?"

"பாடம் எடுப்பேன். லேப். பேப்பர் திருத்துவேன். மார்ச் வந்தா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போவோம். ஏப்ரல், மே..." நிறுத்தி என்னைப் பார்த்தார். "அதான் ஒங்கப்பாவுக்கே தெரியுமே."

"நீங்க ஏன் சார் மெக்கானிக்கல் எடுத்தீங்க?"

அவர் மோரைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தார்.

"எங்க வீட்டுக்கு ஒரு சார் வந்தாரும்மா. நல்ல வெயில். மூணு நாலு தடவை வந்துட்டாரு. எங்கப்பாவுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல."

மேலே மின்விசிறி கடக் கடக்கென்று சுற்றியது. அது கழன்று அவர் தலையில் விழுந்துவிடுமோ என்று எனக்கு அப்போதும் ஒரு பயம்.

"என்ன படிக்க ஆசைப்பட்டீங்க சார்?" இது மூன்றாவது கேள்வி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இல்லை.

"யாரும் கேக்கலையேம்மா. இப்ப நீ கேட்டுத்தான் யோசிக்கேன்" என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "வேண்டாம் சார்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. பால்கோவா டப்பாவைப் பார்த்துத்தான் சொன்னேன். "பிள்ளை பூகோளம் படிக்கட்டும்."

என் மனைவிக்கு வேறு சிக்கல். "அப்ப இந்தப் பால்கோவா?"

"அது இருக்கட்டும்மா" என்றார் சார், விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. "அது டார்கெட்டுல சேராது."

கலந்தாய்வுக்கு மகளோடு செங்கோட்டை–மதுரை ரயிலில் நானும் போனேன். புவியியலில் இடம் கிடைத்தது. அதற்குப் போட்டியே அதிகம் இல்லை என்பது பெருமையா கவலையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஹாஸ்டலில் சேர்த்த அன்றைக்கு, தண்ணீர் வருகிறதா, வார்டன் போனை எடுப்பாரா, அறைக் கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா என்று நான் விசாரித்த விசாரிப்பில், அப்பா நீங்க ரயிலுக்குக் கிளம்புங்க என்று மகளே என்னை அனுப்பிவைத்தாள். ராஜபாளையத்தில் இறங்கும்வரை தாழ்ப்பாளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாருக்கு ஐந்தாவது சீட் கிடைக்கவில்லை. ஜூனில் அவரை நீக்குவதற்காகக் கூப்பிட்டார்களாம். அப்போதுதான் ஒரு நடைமுறைச் சிக்கல் தெரிந்திருக்கிறது. அங்கே பாதிப் பேருக்கு மேல் ஐந்து ஆகவில்லை. எல்லாரையும் நீக்கிவிட்டால் அடுத்த மே மாதத்தில் வீடு வீடாகப் போக ஆள் யார்? எல்லாரையும் வைத்துக்கொண்டு, டார்கெட்டை மட்டும் ஆறாக உயர்த்திவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பார்க்கிற இடத்தில் கேட்கிறார்கள். "ஒங்க மக படிக்குதே அந்தப் பூகோளம், அதால யாருக்கு என்ன பிரயோசனம்?" முழு விவரம் எனக்குத் தெரியாது. ஓர் ஆளுக்குப் பிரயோசனம் இருப்பது மட்டும் தெரியும்.

இந்த மே மாதமும் என் வேன்தான், அதே சார்தான். நோட்டீஸ் கட்டைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, மடியில் குரூப் டூ புத்தகத்தை விரித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து வருகிறார். கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார். கணக்கு வருகிறதாம், பூகோளம்தான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறதாம். விடுமுறைக்கு வந்திருக்கிற என் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொள்கிறார்.

"ஏம்மா, தென்மேற்குப் பருவக்காத்து நம்ம பக்கம் வாரப்ப ஏன் மழையில்லாம வருது?"

"மேகம் மலை ஏறும்போதே அந்தப் பக்கம் கொட்டித் தீத்துருது சார். இறங்கி வாரது காஞ்ச காத்து மட்டும்தான். எழுதிக்கிட்டீங்களா?"

"செத்த மெதுவாச் சொல்லும்மா."

சோழபுரத்தில் வண்டியை நிறுத்தினேன். போன வருஷம் குரூப் ஃபோர் எழுதச் சொன்ன அதே அம்மாவின் வீடு. இளையவன் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான்.

"சார், வீடு வந்துருச்சு."

"இருங்கண்ணே, முடிச்சுட்டு வாரேன்" என்று கையைக் காட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். கையில் மோர்ச் செம்பு. அதைக் குடித்துவிட்டால் இந்த வருஷம் யார் யாருக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் போகுமோ என்று எனக்குத்தான் கவலை.