பேனல் கதவுக்குள் மூன்று வரி

அனுசுயா அதிகம் பேசமாட்டாள். தேனியில், தோட்டத்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பேனல் பெட்டி செய்யும் சங்கரலிங்கத்தின் பட்டறையில் சேர்ந்து மூன்று வருடமாகியும், எதிரில் உள்ள டீக்கடைக்காரருக்கு அவள் குரல் எப்படியிருக்கும் என்று தெரியாது. பத்தாவது வரை தமிழில் படித்தவள், பாலிடெக்னிக்கில் ஆங்கிலம். அந்த இரண்டாவது மொழியால் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததை அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர்கள் படிக்கப் போவதில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பேனலுக்குள் இருக்கும் சின்னக் கன்ட்ரோலருக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுத்தான் புரோகிராம் செய்ய வேண்டும். பட்டன் ஒரு பெட்டி, டைமர் ஒரு பெட்டி, மோட்டார் ஒரு பெட்டி. எதற்குப் பின் எது என்று கோடு இழுத்துச் சேர்த்தால் போதும். ஒரு தோட்டத்துக்குப் போட்ட படத்தை அவள் வீணாக்குவதில்லை. பெயர் கொடுத்து, அடியில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதி, கம்ப்யூட்டரின் லைப்ரரியில் சேமித்துவிடுவாள். அடுத்த ஆர்டர் வந்ததும் அதையே எடுத்து, நேரத்தை மட்டும் மாற்றி, அச்செடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி அனுப்புவாள்.

"ரெண்டு நாள் வேலைய அரை மணி நேரத்துல முடிச்சிருது இந்தப் புள்ள" என்று சங்கரலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்படி அதிகம் எடுத்தாண்டது, 2007-ல் ஓடைப்பட்டி கர்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போட்ட படம். அவருடையதையும் சேர்த்து அதிலிருந்து பதினோரு பேனல் போயிருந்தது.

மறு வருடம் மாசியில் ராயப்பன்பட்டியிலிருந்து கிருபாவதி டீச்சர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவர். தோட்டத்தில் மோட்டார் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். அனுசுயா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சர் பேனல் கதவைத் திறந்துவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்கம்மா. இந்த இங்கிலீசு நீங்க எழுதுனதா?"

அனுசுயா தலையசைத்தாள்.

"ஒரு பிழை இல்ல. எங்க படிச்சீக?"

பாராட்டு என்று நினைத்துப் பாலிடெக்னிக்கின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர், வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசிக்கத் தொடங்கிவிட்டார். படத்துக்கு அடியில், பொடி எழுத்தில், மூன்று வரி. ஓடைப்பட்டி கர்ணன். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், ஒன்றும் புரியாது. பட்டனைக் குரங்கு மாதிரி விடாமல் அமுக்குவார். அதனால் ஒருமுறை அமுக்கினால் பத்து நிமிடத்துக்குப் பட்டனுக்குப் பூட்டு.

குறிப்பும் சேர்ந்தே அச்சாகும் என்பதை அவள் யோசித்ததே இல்லை. பதினோரு முறை தன் கையாலேயே ஒட்டியிருக்கிறாள்.

"இது உங்களுக்கு எழுதினது இல்ல, டீச்சர்."

"அதான் பேரே போட்டிருக்கே. எங்களுக்குத் திராட்சைக் கொடி குடுத்ததே கர்ணன் அண்ணந்தான். அவுக தோட்டத்துலயும் இதே பேப்பர்தான் ஒட்டியிருக்கா?"

"ஆமா."

"அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுச் சொல்ல ஒரு ஆள் வராமலா போகும்? சரி, மோட்டாரப் பாருங்க."

பத்து மணிக்குக் கரண்டு வந்தது. பட்டனை அமுக்கினாள். மோட்டார் உறுமிவிட்டு நின்றது. மறுபடி அமுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. அவள் போட்ட பூட்டு. பத்து நிமிடம் டீச்சருக்கு எதிரில் நிற்க வேண்டியிருந்தது.

"வெயில் ஏறுனா, கரண்டு வந்ததும் சுத்துவட்டாரத்து மோட்டார் பூராத்தையும் ஒண்ணாப் போடுறாக, வோல்டேஜ் இறங்கிருது" என்றார் டீச்சர். "மொத தடவ பிடிக்காது. முன்ன ரெண்டு மூணு தடவ அமுக்குவோம், பிடிச்சுக்கிரும்."

இதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். முதல் நாளே கர்ணன் இதைத்தான் சொன்னார். அப்போது அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி அந்த மூன்று வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

பூட்டைத் திருத்தி, காகிதத்தை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, சின்னமனூரில் பஸ் மாறி ஓடைப்பட்டிக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு: யாராவது வாசித்துச் சொல்வதற்குள் அதைக் கிழித்துவிட வேண்டும்.

கர்ணன் மோட்டார் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. என்ன சொல்லாமக் கொள்ளாம?"

"ஒரு சின்னத் திருத்தம், ஐயா."

கதவைத் திறந்தாள். காகிதத்தின் நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. உறையில் தூசி இல்லை, துடைத்து வைத்திருந்தார். அவள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள்.

"அத எதுக்கு எடுக்குற? அதுல என்னதான் எழுதியிருக்கு?"

படத்துக்கு விளக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவரும் தலையாட்டியிருப்பார். அதை நினைத்ததும் அவளால் சொல்ல முடியவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வரியையும் தமிழில் வாசித்தாள். குரங்கையும் விடவில்லை.

கர்ணன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"தலையாட்டுனது நெசந்தான். நீ வேகமாச் சொல்லிக்கிட்டுப் போன. நடுவுல நிப்பாட்டுனா புள்ள தடுமாறிப்போகுமேன்னு ஆட்டுனேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கொரங்குக்கு மூணு மணி நேரந்தான் கரண்டு தாயி. அமுக்காம என்ன செய்யும்?" என்றார்.

அவர் சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா" என்றாள்.

"சரி, பூட்ட எடு. பாதிக் கொடி காயுது."

மோட்டார் பிடிக்காவிட்டால் தானே மூன்று முறை முயலட்டும், பிடித்து ஓடினால் மட்டும் பூட்டு விழட்டும் என்று கோடுகளை மாற்றினாள். இரண்டாவது முயற்சியில் தண்ணீர் வந்தது. புறப்படும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "வேற பேப்பர் ஒட்டிட்டுப் போ. கதவு மொட்டையாக் கெடக்கு." கையில் இல்லை, கொண்டுவருகிறேன் என்றாள். விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

பட்டறைக்கு வந்து லைப்ரரியில் அந்தப் படத்தைத் திருத்திச் சேமித்தாள். குறிப்பில் ஒரே வரி: முதல் தடவை பிடிக்காது, கர்ணன் சொன்னது. தேதியாக, அவர் அதை முதலில் சொன்ன நாளைப் போட்டாள்.

முதல் அச்சைக் கர்ணன் கதவில் ஒட்டினாள், அடுத்ததை டீச்சர் கதவில். மிச்சம் ஒன்பது தோட்டம். ஒரு மாதத்தில் எல்லாவற்றுக்கும் போய்ப் புரோகிராமை மாற்றிப் புதுக் காகிதம் ஒட்டினாள். ஓர் இடத்தில் மட்டும், பழையது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்டார்கள்.

"எழுத்து மங்கிருச்சு" என்றாள்.

அவர்கள் தலையாட்டினார்கள்.