ரஜ்ஜுப் பொருத்தமும் ஒரு கோல்கீப்பரும்

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் எனக்கு மேற்பார்வை வேலை. என்னைப் பொறுத்தவரை ஐஸ் என்பது பாளம் பாளமாக இறக்கி, உடைத்து, மீன் மேல் கொட்டுகிற பொருள். அதற்கு மேல் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. காலணியில் கத்தி கட்டிக்கொண்டு அதன்மேல் ஓடி, ஒரு கறுப்பு வில்லையை மட்டையால் அடித்து, நடுவில் ஒருவன் பல்லை இன்னொருவன் உடைக்கும் விளையாட்டு உலகத்தில் இருப்பதை என் மச்சினன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. ஊர் சிதம்பரம். வேலை கடலூரில் என்பதால் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தான். வாழ்க்கையில் ஹாக்கி மட்டையைத் தொட்டதில்லை, ஆனால் லேப்டாப்பில் ஒரு ஐஸ் ஹாக்கி அணிக்கு மேனேஜர். அந்த விளையாட்டில் நாம் ஆட வேண்டியதே இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் நிஜமாக ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் வேகத்துக்கு இத்தனை, திறமைக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் ஆறு மாத லீக்கையும் அதுவே ஆடி முடித்து, யார் எத்தனை கோல் என்று சொல்லிவிடும். சென்ற வருடம் அது சொன்ன கணக்கையும் நிஜ லீக்கின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சு அசலாக இருக்கிறது பாருங்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் காட்டுவான். நான் குழம்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது. கூட வேலை செய்த குமராட்சிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண் வீட்டில் சம்மதம், எங்கள் பக்கத்திலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் மாமனார் மட்டும் சிதம்பரத்தில் ஜாதகம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ரஜ்ஜு தட்டுகிறது என்றார். மற்ற ஒன்பது பொருத்தமும் இருந்து ரஜ்ஜு மட்டும் இல்லாவிட்டாலும் தாலிக்கு ஆகாது என்பார்கள். அதாவது மாப்பிள்ளை உயிருக்கு. பிடிவாதக்கார மனுஷன் என்று மனதுக்குள் திட்டினேன்.

பிறந்த நேரத்தை வைத்து ஒருவன் ஆயுளைச் சொல்ல முடியுமா என்று மச்சினன் எகிறினான். மாமனார் நேராக மாடிக்குப் போய் லேப்டாப்பைக் காட்டினார்.

"இந்தப் பொட்டி மார்க்க வச்சு எவன் எத்தன கோல் போடுவான்னு சொல்லுது. அத நம்புற. பஞ்சாங்கம் மட்டும் ஒனக்குப் பொய்யா?"

மொத்தக் கணக்குத்தான் சரியாக வரும், தனி ஆள் விஷயத்தில் தவறலாம் என்றான் மச்சினன். மாமனார் அந்த வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். சரி, தனி ஆள் ஒருவனை எடு, இந்த வருடமே பார்த்துவிடலாம் என்றார்.

மச்சினன் தன் அணியின் கோல்கீப்பரை எடுத்தான். கனடாக்காரன், வயதானவன், மார்க் குறைவு. நூறு அடி வந்தால் அவன் தொண்ணூறைக்கூடத் தடுக்கமாட்டான், பொங்கலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான் என்று பெட்டி சொன்னது. அப்படியே நடந்தால் மச்சினன் குமராட்சியை மறந்துவிட்டு மங்கலம்பேட்டையில் அப்பா பார்த்திருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். லீக் முடிகிறவரை அவன் நின்று தொண்ணூறுக்கு மேல் தடுத்துவிட்டால், ரஜ்ஜுவைப் பற்றி மாமனார் வாயே திறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பித்து கம்ப்யூட்டர் பொய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, பஞ்சாங்கப் பித்து கம்ப்யூட்டர் கட்சியில் சேர்ந்தது. நடுவர் நான். வேலியில் போன ஓணானை வேட்டியில் விட்டுக்கொண்டீர்கள் என்றாள் என் மனைவி.

தன் கல்யாணம் ஒரு கனடாக்காரன் கையில் இருக்கிறது என்று கேட்ட குமராட்சிப் பெண், அவர் சிகரெட் குடிப்பாரா என்று மட்டும் கேட்டாளாம்.

ஐப்பசி மழையோடு லீக் தொடங்கியது. அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்குக் காலை. கம்பெனியில் ஐஸ் பாளங்கள் தடதடவென்று சறுக்கி இறங்குகிற நேரத்தில் மாமனாரிடமிருந்து போன் வரும். எத்தனை விட்டான் என்பார். முதலில் அவன் பெட்டி சொன்னபடியேதான் ஆடினான். வில்லை அவன் காலுக்கிடையில் புகுந்து புகுந்து போயிற்று. மச்சினனுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனாரின் குரலும் சுரத்தில்லாமல் இருந்தது. ஜெயிக்கிற ஆள் இப்படிப் பேசமாட்டாரே, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்று வைத்துவிட்டார்.

கார்த்திகைக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, அந்த மனுஷன் தடுக்க ஆரம்பித்தான். விழுந்து தடுத்தான், படுத்துத் தடுத்தான், ஒரு தடவை முகத்தாலேயே தடுத்தான். எங்கள் லோடுமேன்கள்கூட டீ குடிக்கும்போது கனடாக்காரன் நின்றானா என்று விசாரித்தார்கள். பொங்கல் வந்து போயிற்று. அவன் பெஞ்சுக்குப் போகவில்லை.

மாசியில் ஒரு விசேஷத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். காலையில் மாமனார் கோயிலுக்குக் கூப்பிட்டார். வாசலில் அர்ச்சனைத் தட்டு இரண்டு வாங்கினார். சன்னதியில் அவர் வாய் திறப்பதற்குள்ளாகவே தீட்சிதர் கேட்டார்.

"அந்தக் கனடா பையனுக்குத்தானே? ரெண்டு நட்சத்திரமும் சொல்லிடறேன்."

சிவ கோத்திரம் என்று தொடங்கி, அந்தக் கோல்கீப்பரின் பெயரைச் சொல்லி, ரோகிணிக்கு ஒன்றும் மிருகசீரிடத்துக்கு ஒன்றுமாக அர்ச்சனை நடந்தது. நான் கைகூப்பியபடி விழித்துக்கொண்டிருந்தேன். இன்டர்நெட்டில் கிடைத்த பிறந்த தேதியை வைத்து ஜோசியர் ரோகிணி என்று கணித்திருக்கிறார். சிதம்பரத்துச் சூரிய உதயத்துக்குக் கணித்துவிட்டார், கனடாவில் அப்போது பொழுதே வேறு என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. பிறந்த நேரமும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த நட்சத்திரத்தையும் சேர்த்துக்கொண்டார்களாம். கார்த்திகையிலிருந்து தினமும் நடக்கிறது.

அவன் தோற்றால்தானே உங்கள் கட்சி ஜெயிக்கும் என்று கேட்டேன். குளத்துப் படிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னார்.

"ரஜ்ஜு தட்டுதுன்னு கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல மாப்ள. முடிச்சு வைக்கவும் பயமா இருக்குது, புள்ள மனச ஒடைக்கவும் முடியல. கணக்கு ஒரே ஒரு ஆள் விஷயத்துல தப்பாப் போறத கண்ணால பாத்துட்டன்னா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை மாதம் எத்தனை பேர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை.

லீக் முடிகிறவரை அவன் நின்றான். தொண்ணூறை மயிரிழையில் தாண்டினான். மச்சினன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் ஓடினான். இதில் வேடிக்கை என்னவென்றால், லீக் முழுவதும் விழுந்த மொத்த கோல் கணக்கில் பெட்டி சொன்னதும் நடந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒருவன் மட்டும்தான் பிசகியிருந்தான். மாமனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, தோற்றுவிட்டேன், என்னவோ செய்யுங்கள் என்றார். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு. நான் கொல்லைப்புறம் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். விளையாட்டின் புதுப் பதிப்பில் அந்தக் கோல்கீப்பருக்கு மார்க்கை ஏற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று மச்சினன் சொன்னபோது, நன்றாக ஆடினால் அவர்கள் திருத்திக்கொள்கிறார்களே, பரவாயில்லை என்றார் மாமனார். பஞ்சாங்கத்தில் யாரும் திருத்துவதில்லை. அதனால் அவர் அர்ச்சனையை நிறுத்தவில்லை. அவன் நன்றாக இருக்கும்வரை தன் பிள்ளைக்கும் ஒன்றும் வராது என்று அவருக்கு எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

இந்த மார்கழியில் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பருக்கு முட்டியில் அடி. பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த பஸ்ஸிலேயே மாமனார் கடலூர் வந்து இறங்கிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனை நாற்காலியில் உட்காரவைத்து, காலை மடக்கு, நீட்டு என்றார். அவன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வலது காலை மடக்கி நீட்டினான். இடது காலையும் செய்யச் சொன்னார்.

மருமகள் காப்பி டம்ளரோடு வந்து இதைப் பார்த்தபடி நின்றாள். டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"நானும் காலைல செய்தி பாத்தேன் மாமா. எங்க ஊரு கோயில்ல அவுரு பேருக்கு அர்ச்சன பண்ணச் சொல்லி அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். நட்சத்திரம்தான் தெரியல."

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். காப்பியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு இருக்குதும்மா. ரெண்டயும் சொல்லச் சொல்லு."